இரண்டு சென்டில் ஓர் ஏக்கருக்கு வெங்காய விதை

வெங்காயம் விலை ஏறும் ஆண்டில் சின்ன வெங்காயம் பயிரிடும் விவசாயிக்கு மகிழ்ச்சி பாதி, கவலை பாதி. விற்கும்போது கிடைக்கிற அதே விலையை அடுத்த பட்டத்துக்கு விதைக்காய் வாங்கும்போது அவரே கொடுக்க வேண்டியிருக்கிறது. 2019-ம் ஆண்டு டிசம்பரில் சின்ன வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றது. பட்டறையில் காய் வைத்திருந்தவர்கள் அதனால் பயனடைந்தார்கள். காசு வாங்கி விதைக்காய் ஊன்ற நினைத்த சிறு விவசாயிகளோ கையைப் பிசைந்து நின்றார்கள்.

ஓர் ஏக்கருக்குக் குறைந்தது 400 கிலோ விதைக்காய் வேண்டும். காய் சற்றுப் பெரிதாக இருந்தால் 600 கிலோகூட இறங்கிவிடும். கிலோ 30 ரூபாய் விற்கும்போது 400 கிலோவுக்கு 12,000 ரூபாய். 100 ரூபாய் விற்றால் 40,000 ரூபாய். உழவு, உரம், ஆள்கூலி எல்லாம் இதற்கு மேல்தான். ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு செலவே சாகுபடியை நிறுத்திவிடப் போதுமானது.

இதே ஓர் ஏக்கரை ஒரு கிலோ விதையைக் கொண்டும் நடலாம். இங்கே விதை என்பது காய் அல்ல. வெங்காயப் பூவில் விளையும் கறுப்பு விதை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் காயிலிருந்து வேறுபடுத்தி இதை ‘உண்மை விதை’ என்கிறார்கள். அந்த ஒரு கிலோவைக் கடையில் வாங்காமல், சொந்த நிலத்தில் இரண்டு சென்ட் ஒதுக்கி வீட்டிலேயே எடுத்துக்கொள்ள முடியும். முடியும் என்பதைப் போலவே, தவறவிடவும் கூடும். வெங்காய விதை பூவில் விளைவதைவிட டப்பாவில் கெடுவதே அதிகம் என்பதால், விதை எடுப்பதைப் பற்றியும் அதைக் காப்பதைப் பற்றியும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த வெங்காயத்தில் விதை எடுக்கலாம்?

பெல்லாரி என்று சொல்லப்படும் பெரிய வெங்காயத்தில் விதை எடுக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. மதுரைச் சமவெளியில் அந்த முயற்சி வேண்டாம். பெரிய வெங்காயக் காய் பூத்தண்டு விட வேண்டுமானால் ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரி சென்டிகிரேடு வரையிலான குளிர் பல வாரங்கள் கிடைக்க வேண்டும். மதுரையில் மார்கழி, தை மாதங்களில்கூட இரவு வெப்பநிலை பொதுவாக 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. பத்துக் காய் ஊன்றினால் ஒன்றிரண்டு பூக்கும்; மற்றவை தாள் விட்டு மீண்டும் காய் வைக்கும். இதனால்தான் பெல்லாரி விதை மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற குளிர் கிடைக்கும் இடங்களிலிருந்து வருகிறது.

கம்பெனிகள் விற்கும் வீரிய ஒட்டு வெங்காயத்தில் விதை எடுப்பது அதைவிட வீண் வேலை. 1925-ம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் டேவிஸ் நகரில், ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி மகரந்தமே உண்டாகாத ஒரு சிவப்பு வெங்காயச் செடியைக் கண்டார். வெங்காயத்தில் வீரிய ஒட்டு விதை உற்பத்திக்கு அந்த மலட்டுத்தன்மைதான் அடிப்படையானது. இந்தக் குணம் தாய் வழியாக வருவதால், ஒட்டு வெங்காயத்தைப் பூக்க வைத்தாலும் மகரந்தம் இல்லாமல் போகலாம். விதை பிடித்தாலும் அதிலிருந்து வரும் பயிர் ஒரே சீராக இராது. ஒரு காய் உருண்டையாகவும் ஒன்று தட்டையாகவும், ஒன்று சிவப்பாகவும் மற்றொன்று வெளிறியும் வரும்.

சின்ன வெங்காயத்திலும் எல்லா இரகமும் விதை கொடுப்பதில்லை. கோயமுத்தூர் இரகங்களான கோ 1 முதல் கோ 4 வரையிலும், திண்டுக்கல் பகுதிச் செம்பட்டி வகையிலிருந்து மதுரை வேளாண்மைக் கல்லூரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மதுரை 1 இரகமும் காய் ஊன்றிப் பயிரிடுவதற்கென்றே வந்தவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001-ம் ஆண்டு வெளியிட்ட கோ 5 இரகம் வந்த பிறகே நிலைமை மாறியது. இது நம் சமவெளி வெப்பத்திலேயே தாராளமாகப் பூத்து விதை பிடிக்கும். இளஞ்சிவப்பு நிறமுள்ள, திரட்சியான காய்களைக் கொடுக்கும். எக்டேருக்கு 18.9 டன் காய் மகசூலும், விதைக்காக விட்டால் 250 முதல் 300 கிலோ விதையும் தரவல்லது என்று பல்கலைக்கழகம் குறித்துள்ளது. வீட்டில் விதை எடுக்க விரும்பும் விவசாயிகள் இந்த இரகத்தில் தொடங்குவதே நல்லது. ஏற்கெனவே நாற்று விட்டு நட்ட சின்ன வெங்காயம் நிலத்தில் நிற்குமானால், அது என்ன இரகம், ஒட்டு இரகமா இல்லையா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

விதை மூலம் வரும் பயிரில் இன்னொரு நன்மையும் உண்டு. காய்க்குக் காய் ஊன்றிவரும் நிலத்தில் அடித்தாள் அழுகல் நோய் காயோடு வருகிறது. இலைகளை மஞ்சளாக்கிக் குட்டையாக்கும் நச்சுயிரியும் காய்க்குள் ஒளிந்து தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. அந்த மஞ்சள் குட்டை நச்சுயிரி கறுப்பு விதைக்குள் கடப்பதில்லை. நன்கு வைத்திருந்த விதைக்காயே நாலைந்து ஆண்டில் ‘சத்து இறங்கிவிட்டது’ என்று விவசாயிகள் சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

ஆனால் விதைப்பயிருக்குப் பொறுமை வேண்டும். நாற்றங்காலில் 40, 45 நாட்கள் ஆகும். நடுவதற்கு ஆட்கள் கூடுதலாக வேண்டும். காய் ஊன்றிய பயிர் 65, 70 நாட்களில் கைக்கு வந்துவிடும். விதைப்பயிர் அதைவிட நாள் எடுக்கும். தண்ணீர் சித்திரையோடு வற்றிவிடும் கிணறு உள்ளவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வண்டியூர்ப் பக்கத்துக் காலண்டர்

வண்டியூர்க் கண்மாயை நம்பியிருந்த வயல்களில் பெரும்பகுதி இன்று வீட்டுமனைகளாகிவிட்டது. அதற்குக் கிழக்கே கருப்பாயூரணி, சக்கிமங்கலம், வரிச்சியூர் என்று போனால் கிணற்றை வைத்து விவசாயம் செய்யும் சிறு நிலங்கள் இன்னும் இருக்கின்றன. நெல்லுக்குத் தண்ணீர் போதாத, வடிகால் வசதியுள்ள மணற்பாங்கான செம்மண் நிலம் வெங்காயத்துக்கு ஏற்றது. களிமண்ணும் களர் நிலமும் ஆகா. விளைந்ததை விற்க மாட்டுத்தாவணிச் சந்தையும் கீழமாரட் வீதியும் அருகில் இருக்கின்றன.

இந்தப் பகுதிக்கு ஏற்ற மாதக் கணக்கு வருமாறு. ஆடியில் நட்ட கோ 5 வெங்காயம் புரட்டாசிக் கடைசியில் அறுவடைக்கு வரும். அதில் தாய்க்காயைப் பொறுக்கி, நிழலில் ஆறவிட்டு, ஏறத்தாழ ஒன்றரை மாதம் காற்றோட்டமாக வைத்திருந்து, ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் கார்த்திகையில் ஊன்ற வேண்டும். மார்கழிப் பனியில் வளர்ந்து, தை மாதத்தில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா நடக்கும் சமயத்தில் பூத்தண்டுகள் எழும்பி நிற்கும். மாசியில் பூவும் பிஞ்சும், பங்குனியில் விதை. சித்திரையில் அழகர் வண்டியூருக்கு எழுந்தருளும்போது விதை காய்ந்து, டப்பாவுக்குள் இருக்க வேண்டும். கோடை மழை அந்த நாட்களில்தான் எதிர்பாராமல் வந்து விழும் என்பதால் இதைத் தள்ளிப்போடக்கூடாது.

ஐப்பசியிலேயே அவசரப்பட்டு ஊன்றியவர்கள் மழையில் காயை அழுகக் கொடுக்கிறார்கள். மார்கழி கடந்து ஊன்றினால் பூக்கும் காலம் வெயிலில் போய் விழுகிறது. வெயில் மிகுந்தால் மகரந்தம் உலர்ந்து விதை பிடிப்பது குறையும்.

தாய்க்காய் பொறுக்குதல்

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: நல்ல காயெல்லாம் மூட்டை கட்டி மண்டிக்குப் போய்விடும், விலை போகாத பொடிக்காய் விதைக்கென்று மூலையில் கிடக்கும். இப்படி ஆண்டுக்காண்டு பொடியையே விதைக்கு விட்டால் இரகம் பொடியாகாமல் என்ன செய்யும்? விதைக்கு விடுவது விற்கிற காயைவிட நன்றாக இருக்க வேண்டும். இரண்டு சென்டுக்கு வேண்டியது 18, 20 கிலோதான். இந்த 20 கிலோவில் கஞ்சத்தனம் கூடாது.

பொறுக்குவதை மண்டிச் சாக்கில் தொடங்காமல், பயிர் நிலத்தில் நிற்கும்போதே தொடங்க வேண்டும். தாள் நிமிர்ந்து, நோய் படாமல், ஒரே சீராக நிற்கும் குத்துகளுக்குக் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளலாம். அறுவடையில் அந்தக் குத்துகளைத் தனியே பிடுங்கி, நிறம் ஒத்ததாகவும், கழுத்து மெல்லியதாகவும், அடிப்பகுதி கெட்டியாகவும் உள்ள காய்களை எடுக்க வேண்டும். கழுத்துத் தடித்த காய் பட்டறையில் சீக்கிரம் அழுகும். அதன் விதையும் அதே குணத்தைத் தரும்.

காய் எடுக்கிற பயிரிலேயே சில செடிகள் அவசரப்பட்டுப் பூத்துவிடும். ‘தானாகவே பூத்திருக்கிறதே, இதிலேயே விதை எடுத்துவிடலாம்’ என்று தோன்றும். எடுக்கக்கூடாது. அந்த விதையை மேலும் மேலும் விதைத்தால், காய் வைக்கும் முன்பே பூத்துவிடும் பயிர்தான் மிஞ்சும். காய்ப்பயிரில் பூக்காமல் நல்ல காய் வைத்து, மறுபடி ஊன்றியபின் பூக்கிற செடியே விதைக்கு உரியது.

இன்னொரு எச்சரிக்கை. பத்துக் குத்து, இருபது குத்து மட்டும் வீட்டுக் கொல்லையில் பூக்கவிட்டு விதை எடுப்பவர்கள் உண்டு. முதல் ஆண்டு குறை தெரியாது. வெங்காயம் அயல் மகரந்தச் சேர்க்கையில் வாழும் பயிர். நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்ந்தால் வீரியம் வேகமாக இறங்கிவிடும். நாற்று வெளிறும், காய் சிறுக்கும். ஆகவே குறைந்தது சில நூறு செடிகளிலிருந்தாவது விதை சேர வேண்டும். இரண்டு சென்டில் ஏறத்தாழ 1,800 காய் ஊன்றுவதால் இந்தக் கவலை நீங்கிவிடுகிறது.

ஊன்றுதலும் பராமரிப்பும்

இரண்டு சென்ட் என்பது ஏறத்தாழ 80 சதுர மீட்டர். இதற்கு மக்கிய தொழு உரம் 150 கிலோவுக்குக் குறையாமல் இட்டு, 45 செ.மீ. இடைவெளியில் பார் பிடிக்க வேண்டும். அடியுரமாக யூரியா அரை கிலோ, சூப்பர் பாஸ்பேட் 3 கிலோ, மூரியேட் ஆப் பொட்டாஷ் 400 கிராம் இடலாம். பாரின் இருபுறமும் 20 செ.மீ.க்கு ஒரு காயாக ஊன்ற வேண்டும். காய்க்காக ஊன்றும்போது 10 செ.மீ. போதும், பூத்தண்டு எழுந்து காற்றோட்டம் வேண்டியிருப்பதால் விதைக்கு இந்த இடைவெளி. 30-ம் நாள் களை எடுத்து, மேலுரமாக யூரியா அரை கிலோ இட்டு மண் அணைக்க வேண்டும். மண் அணைக்காத பாத்தியில் மாசிக் காற்றுக்குத் தண்டுகள் சாய்ந்துவிடும். வெங்காயப் பூத்தண்டு உள்ளே கூடானது. ஒருமுறை மடங்கினால் அதில் விதை பிடிக்காது. பாத்தியைச் சுற்றிக் கம்பு நட்டு இரண்டு வரிசை சணல் கயிறு கட்டினால் போதும்.

இலைப்பேனுக்கு மருந்து தெளிப்பதாக இருந்தால் பூ விரியும் முன்பே தெளித்து முடித்துவிட வேண்டும். ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு ஆரம்பத்திலேயே தெளித்தால் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். பூ விரிந்த பிறகு பூச்சிமருந்து தெளிப்பது சொந்த விதைக்கே வைக்கும் நஞ்சு. வெங்காயப் பூவில் மகரந்தம் முதலில் உதிர்ந்துவிடும். சூல்முடி அதற்குப் பிறகே தயாராகும். ஒரு பூவின் மகரந்தம் அதே பூவுக்குப் பயன்படாது. அடுத்த பூவிலிருந்து தேனீயோ ஈயோ கொண்டுவந்து சேர்க்க வேண்டும். காலை நேரத்தில் பாத்தியருகே நின்று பார்த்தால் கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் பூவுக்குப் பூ தாவுவது தெரியும். தேனீ நடமாட்டம் இல்லாத பாத்தியில் பூ நிறைய இருக்கும், விதை பதராக இருக்கும்.

விதைச் சான்றளிப்பு விதிகளின்படி, சான்று விதைக்கு வேறு வெங்காய இரகத்திலிருந்து 500 மீட்டர் விலகியிருக்க வேண்டும். சிறு நிலங்களில் இது நடக்காத காரியம் என்று தோன்றலாம். ஆனால் கலப்பு வருவது பூக்கும் வெங்காயத்திலிருந்து மட்டுமே. பக்கத்து நிலத்துக்காரர் காய்க்காக வைத்த வெங்காயத்தைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுவார். அங்கே ஒன்றிரண்டு செடி பூத்திருந்தால் சொல்லி ஒடித்துவிடச் செய்தால் வீட்டு உபயோகத்துக்குப் போதும். விற்பதற்காக விதை எடுப்பவர்கள் மட்டும் விதிப்படி நடக்க வேண்டும்.

தண்டு இளசாக இருக்கும்போது பொரியலுக்கு ருசியாக இருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விதைப் பாத்தி இது என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது உத்தமம்.

அறுவடை

எல்லாப் பூங்கொத்தும் ஒரே நாளில் முற்றுவதில்லை. கொத்தில் அங்கங்கே காய்கள் வெடித்து, உள்ளே கறுப்பு விதை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் அந்தக் கொத்தை அறுத்துவிட வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து காய் வெடித்திருந்தால் அதுவே பதம். முழுவதும் வெடிக்கட்டும் என்று காத்திருந்தால் நல்ல விதை முதலில் மண்ணில் உதிரும். கொத்தில் மிஞ்சுவது பிந்திப் பிடித்த சோனி விதை. மூன்று நான்கு முறையாக, பனி ஈரம் இருக்கும் காலை வேளையில், ஒரு சாண் தண்டோடு அறுத்துப் பெட்டியில் போட்டுக்கொள்ள வேண்டும். வெயிலேறி அறுத்தால் கை பட்டதும் உதிரும்.

அறுத்த கொத்துகளைத் தார்ப்பாயில் மெல்லப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் ஐந்தாறு நாள் உலர்த்த வேண்டும். குவித்து வைத்தால் புழுங்கிச் சூடேறும். காய்ந்தபின் கையால் கசக்கியோ சிறு குச்சியால் தட்டியோ விதையைப் பிரித்து, சொளகில் புடைக்க வேண்டும். பதரும் விதையும் கலந்தே இருந்தால் ஒரு பாத்திரத் தண்ணீரில் கொட்டலாம். நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் தண்ணீரில் விடக்கூடாது. எடுத்தவுடனே துணியில் ஒற்றி, அன்றைக்கே மெல்லிய படலமாகப் பரப்பி உலர்த்திவிட வேண்டும். மேகமூட்டமான நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பல்கலைக்கழகம் சொல்லும் விதை மகசூலைக் கணக்கிட்டால் சென்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வருகிறது. முதல் முறை செய்பவருக்கு அதில் பாதி கிடைத்தாலே நல்லது. இரண்டு சென்ட் என்று இங்கே சொல்லியிருப்பது அதனால்தான்.

டப்பாவில் விதை

நெல் விதை அடுத்த ஆண்டும் முளைக்கும். கத்தரி, தக்காளி விதை இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். வெங்காய விதையின் ஆயுள் சாதாரண அறையில் ஓராண்டு என்பதே தாராளமான கணக்கு. பங்குனியில் எடுத்த விதை ஆனியில் நன்றாக முளைக்கும். அதே விதையைத் துணியில் முடிந்து அடுப்படிப் பரணில் வைத்திருந்து அடுத்த ஆனியில் விதைத்தால் பாத்தி மொட்டையாகக் கிடக்கும். ‘போன வருஷம் நல்லா முளைச்ச அதே விதைதான்’ என்று சொல்வதில் பொருளில்லை.

விதையைக் கொல்வது ஈரமும் சூடும். விதையில் உள்ள ஈரம் ஒரு சதம் குறையும்போது அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்றும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறையும்போது மறுபடி இரட்டிக்கும் என்றும் ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானி ஒரு பொதுக் கணக்கு வகுத்தார். மதுரை வெயிலை விவசாயி குறைக்க முடியாது. ஈரத்தைக் குறைக்க முடியும். சாதாரண பையில் வைக்கும் வெங்காய விதையில் 8 சதத்துக்கு மேலும், காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பதில் 6 சதத்துக்கு மேலும் ஈரம் இருக்கக்கூடாது என்பது சான்று விதைக்கான அளவு. டப்பாவுக்கு ஏன் கடுமையான அளவு என்றால், ஈர விதையை இறுக்க மூடினால் அந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே விதையை வேகவைத்துவிடும். அரைகுறையாகக் காய்ந்த விதைக்கு டப்பாவைவிடத் துணிப்பையே மேல்.

காலை 8 மணி முதல் 11 மணி வரை வெயிலிலும், பிறகு நிழலிலுமாக நாலைந்து நாள் உலர்த்த வேண்டும். உச்சி வெயிலில் சிமெண்டுக் களத்தில் பரப்பக்கூடாது. பங்குனிச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது, விதைக்கும் அதே சூடுதான். கடைசி ஈரத்தை எடுக்க ஒரு வீட்டு முறை உண்டு. புழுங்கலரிசியை வாணலியில் நிறம் மாறாமல் நன்றாகச் சூடேற்றி, மூடி ஆறவைத்து, விதையின் எடைக்குச் சம எடை துணிப்பையில் கட்டி, விதையோடு சேர்த்து டப்பாவில் இறுக்க மூட வேண்டும். காய்ந்த அரிசி விதையிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஒரு வாரம் கழித்து அரிசியை மாற்றலாம். அரிசி சூடாக இருக்கும்போது போடக்கூடாது.

அகலவாய்க் கண்ணாடி பாட்டிலோ, ரப்பர் வளையமுள்ள மூடியோடு கூடிய டப்பாவோ ஏற்றது. ஆனியில் விதைக்க வேண்டிய விதை மூன்று மாதம் இருந்தால் போதும். அதைத் தனி டப்பாவில் வைத்து, மற்றதை வேறொன்றில் வைத்தால் அடிக்கடி திறக்க வேண்டியதில்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்றின் ஈரம் உள்ளே போகிறது. வீட்டில் பிரிஜ் இருந்தால் நன்கு உலர்ந்து மூடிய டப்பாவை அதில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் விட்ட பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த விதையின் மேல் நீர் வேர்த்துவிடும். டப்பாவின் மேல் இரகம், விதை எடுத்த மாதம், ஆண்டு எழுதி ஒட்டுவது சிறு வேலைதான். எழுதாமல் விட்டு இரண்டு ஆண்டு விதை கலந்துபோன வீடுகள் பல.

முளைப்பு பார்த்து விதைத்தல்

நாற்றங்காலுக்கு இரண்டு வாரம் முன்பு, ஒட்டுமொத்த விதையைக் கலக்கி அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததுபோல் 100 விதை எடுக்க வேண்டும். திரட்சியானதாகப் பொறுக்கி எடுத்தால் சோதனை பொய்யாகிவிடும். ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, தண்ணீர்ப்பானை அருகே குளிர்ந்த இடத்தில் வைத்து, துணி காயாமல் தெளித்து வர வேண்டும். ஆறாம் நாள் ஒருமுறையும் பன்னிரண்டாம் நாள் ஒருமுறையும் முளைத்தவற்றை எண்ண வேண்டும். 70 முளைத்தால் அது சான்று விதையின் குறைந்தபட்ச அளவுக்குச் சமம்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஏக்கருக்கு 45 செ.மீ. பாரில், இருபுறமும் 10 செ.மீ.க்கு ஒன்றாக நட ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரம் நாற்று வேண்டும். ஒரு கிலோவில் இரண்டரை முதல் மூன்று லட்சம் விதை இருக்கும். 70 சதம் முளைத்தால் ஒரு கிலோ சரியாக ஏக்கருக்குப் போதும். 50 சதமானால் 1.4 கிலோ விதைக்க வேண்டும். 40-க்குக் கீழே போனால் கூட்டி விதைத்தும் பயனில்லை. முளைத்த நாற்றும் சோனியாக இருக்கும். அந்த நிலையில் புதிய விதை வாங்குவதே மேல். வாங்கும்போதும் சீட்டில் உள்ள பரிசோதனைத் தேதியைப் பார்க்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் சீட்டுக்குச் செல்லுபடி. வெங்காய விதையில் அந்தக் கெடுவின் கடைசி மாதத்துக்குப் போகாமலிருப்பது நல்லது.

நாற்றங்காலுக்கு ஏக்கருக்கு 5 சென்ட் மேட்டுப்பாத்தி போதும். விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, வரிசையில் ஆழமின்றித் தூவி, மணலும் தொழு உரமும் கலந்து மூடி, தென்னங்கீற்று பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். ஆனி வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் கீற்றை மறக்கக்கூடாது; முளை தெரிந்ததும் மாலை நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

பக்கத்து விவசாயிக்கு விதை கொடுக்கச் சட்டம் தடை சொல்லுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். 2001-ம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், கொடுக்கவும், விற்கவும்கூட உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையைப் பெயரச்சிட்ட பாக்கெட்டில் அடைத்து விற்பதை மட்டும் அது அனுமதிப்பதில்லை. வெங்காய விதையைப் பொறுத்தவரை, கொடுப்பதாக இருந்தால் ஆவணிக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் கொடுப்பது முளைக்காமல் போனால் வாங்கியவரிடம் பேச்சு வாங்க நேரும்.

எல்லாம் போக மிஞ்சிய விதையும், முளைப்பு குறைந்த பழைய விதையும் வீணாக வேண்டியதில்லை. கிணற்றடி வாய்க்காலோரம் நெருக்கமாகத் தூவிவிட்டால் முளைத்தவரை தாளாகக் கிள்ளிச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம்.